முதல் டிக்கெட் காக்காவுக்கு!

மே மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. கொடைக்கானல் ஏரியின் மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை. வாடகை சைக்கிள்களை ஒருவர் வரிசையாக நிறுத்திக்கொண்டிருக்கிறார். படகுத்துறையில் டிக்கெட் கவுன்ட்டர் திறக்க நேரம் இருக்கிறது. ஆனால் படகுகளில் ஆள் ஏறியாகிவிட்டது. பெடல் படகின் முகப்பில் ஓர் அண்டங்காக்கை. துடுப்புப் படகின் விளிம்பில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு மடையான். கடைசியில் கட்டியிருக்கும் படகின் மேல் நீர்க்காகம் ஒன்று, இரண்டு இறக்கையையும் விரித்து, கொடியில் துணி காயப்போட்டதுபோல நிற்கிறது.

இவர்கள் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. இறங்கும்போது சும்மா இறங்குவதும் இல்லை.

படகுத்துறை ஊழியருக்கு அன்றைய வேலை அங்கேதான் தொடங்குகிறது. கையில் வாளி, தோளில் பழைய துணி. முதல் குடும்பம் வரிசையில் வந்து நிற்பதற்குள் சீட் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். "அண்ணே, உக்கார்ற இடத்துல என்னமோ வெள்ளையா இருக்கே?" என்று ஓர் அம்மா கேட்டுவிட்டால் போதும், பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அவரவர் படகைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏப்ரலும் மேயும்தான் ஏரியை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் கை நிறையும் மாதங்கள். அந்த நாளில் சீட் கிழிந்து ஒரு படகு ஓரமாகக் கிடந்தால், அன்றைக்கு அதன் வருமானம் போனதுதான்.

இத்தனைக்கும் இந்த ஏரி தானாக உருவானது இல்லை. 1863-ல், அப்போது மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைத் தண்ணீரைக் கரை கட்டித் தடுத்து உருவாக்கியது. ஏரியில் விட்ட முதல் படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மோட்டார் போகும் சாலையே இல்லாத காலத்தில், கடற்கரைப் படகு ஒன்று 7,000 அடி மலை ஏறியிருக்கிறது! 1890-ல் படகு கிளப் வந்தது. இன்றைக்குச் சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திர வடிவத்தில், சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் சாலையோடு இருக்கிறது ஏரி. தண்ணீர் வந்தால் மீன் வரும். மீன் வந்தால் கொக்கும் நீர்க்காகமும் வரும். மனிதர்களுக்காகக் கட்டிய ஏரி என்று அவற்றுக்கு யார் சொல்வது?

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி தொல்லை தருவதில்லை. நீர்க்காகத்தின் இறகு வாத்தின் இறகுபோல முழுக்கத் தண்ணீர் ஒட்டாத இறகு இல்லை. முங்கி மீன் பிடித்துவிட்டு மேலே வந்தால் காய வைத்தே ஆக வேண்டும். அதற்குத் தண்ணீருக்குப் பக்கத்தில், நாலாபுறமும் பார்வை கிடைக்கிற மேடு தேவை. கட்டிப்போட்ட படகைவிட நல்ல இடம் எது? அது நின்ற இடத்தில் மீன் வாடையோடு வெள்ளைக் குழம்பு வழிந்திருக்கும். மடையான் அந்த அளவுக்கு மோசமில்லை. விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும், அங்கேயே அசுத்தம் செய்யும், நகர்ந்துவிடும்.

காக்காதான் கெட்டிக்காரத் திருடன். எச்சம் போடுவதோடு நிற்காது. சீட்டின் ரெக்ஸினில் சின்னதாக ஒரு கிழிசல் கண்ணில் பட்டால் அதில் அலகை விட்டு, உள்ளே இருக்கும் ஸ்பான்ஜைப் பிய்த்து இழுக்கும். கூடு கட்டும் காலத்தில் நார், பஞ்சு, கயிற்று நுனி எல்லாம் அதற்கு வேண்டும். ஆனால் காக்கா முதலில் படகுக்கு வந்த காரணம் வேறு. முந்தின நாள் மாலை யாரோ ஒரு குழந்தை சீட்டுக்கு அடியில் கொட்டிய வேகவைத்த வேர்க்கடலை, பாதி தின்ற சோளக்கதிர், சிப்ஸ் தூள். ராத்திரி படகைக் கட்டும்போது உள்ளே கூட்டித் துடைத்துவிட்டால் காக்கா பிரச்னை பாதி குறையும். இதைவிட மலிவான வழி கிடையாது. குரங்குக்கும் இதே மருந்துதான்.

சரி, எச்சம் பட்டால் படகுக்கு என்ன? கழுவிவிட்டால் போயிற்று என்றுதான் தோன்றும். பறவைகள் நம்மைப்போல சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. உடம்பின் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசைபோல மலத்தோடு சேர்ந்தே வெளியே வரும். அந்த வெள்ளைப் பகுதி தண்ணீரில் லேசில் கரையாது. காய்ந்தால் சுண்ணாம்புபோல இறுகிவிடும். உச்சி வெயிலில் ஃபைபர் படகின் மேல்பூச்சும் பெயின்ட்டும் கொஞ்சம் இளகும். எச்சம் காயும்போது அதன் மேடு பள்ளத்தை அந்த இளகிய பரப்பு வாங்கிக்கொள்ளும். சாயங்காலம் குளிர்ந்ததும் அப்படியே இறுகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் மங்கலாகவே இருக்கும். கொடைக்கானலில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவே இந்த இளகலும் இறுகலும் தினசரி நடக்கிறது. மரப் படகென்றால் வார்னிஷ் உரிந்து, உள்ளே ஈரம் இறங்கிவிடும்.

உங்கள் வீட்டில் படகு இருக்காது. ஆனால் வேப்ப மரத்தடியில் நிறுத்திய காரோ ஸ்கூட்டரோ இருக்கும். கதை அதேதான்.

சுத்தம் செய்வதில் பலரும் செய்கிற தவறு, காய்ந்ததைப் பிளேடாலோ தகரத்தாலோ சுரண்டுவது. எச்சத்தில் பூச்சியின் ஓடும் மணலும் மீன் முள்ளும் கலந்திருக்கும். சுரண்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசி மூக்கில் ஏறினால் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சையும் கிருமியும் கூடவே போகலாம். அதனால் முதலில் நனைக்க வேண்டும். பழைய துணியைத் தண்ணீரில் முக்கி அதன் மேல் போர்த்தி, பத்து நிமிடம் விட்டால் ஊறிவிடும். பிறகு தேய்க்காமல் வழித்து எடுக்கலாம். கூரையடி முழுக்கக் குவிந்து கிடப்பதை அள்ளுகிறவர் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். சோப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் படகைக் கரையேற்றிக் கழுவ வேண்டும், ஏரிக்குள் வைத்தே அல்ல. இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுக்கும் சில்வர் கேஸ்கேட் அருவி. அதில் சோப்பு நுரையைக் கலக்க வேண்டாமே!

கழுவிக் காய்ந்த ஃபைபர் மேல் மெழுகு பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தால், அடுத்த முறை எச்சம் அவ்வளவு அழுத்தமாக ஒட்டாது.

இனி, வராமல் தடுப்பது. பறவையை விரட்டுவது தமிழர்களுக்குப் புது வேலை இல்லை. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டியதால்தானே முருகன் கதையே நடந்தது! பின்னாளில் காட்டில் பழைய கேசட் டேப்பை இழுத்துக் கட்டினார்கள். காற்றில் அது விர்ரென்று அதிரும், மினுங்கும். படகுத்துறையிலும் மினுங்கும் ரிப்பன், பழைய சி.டி. எல்லாம் கட்டிப் பார்க்கலாம். சில நாள் பலன் இருக்கும். பிறகு காக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் முகத்தைப் பார்க்கும். பிளாஸ்டிக் ஆந்தை பொம்மையும் அப்படியே. தினமும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஆந்தை, ஆந்தை இல்லை என்று பறவைக்கு விளங்க அதிக நாள் ஆகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். லண்டன் விம்பிள்டன் மைதானத்தில் புறாக்களை விரட்ட ரூஃபஸ் என்ற நிஜப் பருந்தையே பழக்கி வைத்தார்கள். இங்கே நம் பருந்துகளைப் பிடித்து வளர்க்கச் சட்டம் விடாது. கடையில் 'அல்ட்ராசோனிக்' கருவி என்று ஒன்றை விற்பார்கள். மனிதருக்குக் கேட்காத ஒலியில் பறவை ஓடிவிடும் என்பார்கள். பெரும்பாலான பறவைகளுக்கும் அந்த ஒலி கேட்காது! அதற்குக் கொடுக்கிற பணத்தில் நல்ல தார்ப்பாய் வாங்கிவிடலாம்.

தார்ப்பாய்தான் உண்மையான பாதுகாப்பு. அதையும் தட்டையாகப் போட்டால் நடுவில் தண்ணீர் தேங்கும். காக்கா அங்கேயே குளித்துவிட்டுப் போகும். படகின் நீளத்துக்கு ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, அதன் மேல் கூடாரம்போல இரண்டு பக்கமும் சரிவாகப் போட வேண்டும். சரிவில் பறவைக்குக் கால் நிற்காது. மலையூரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் காற்றுப் போகச் சந்து விடாமல் இறுக்கி மூடினால், மூட்டத்தின் ஈரம் உள்ளே தங்கி, சீட் முழுக்கப் பூஞ்சை பிடிக்கும்.

மூட முடியாத விளிம்புகளுக்குத் தூண்டில் நரம்பு போதும். விளிம்புக்கு நாலு விரல் உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினால், உட்கார வரும் பறவைக்கு இடம் சரிப்படாது, வேறு இடம் தேடும். தொளதொளவென்று விட்டால் காலில் சிக்கிக்கொள்ளும். அதனால் இறுக்கம் முக்கியம். காலையில் அவிழ்த்த நரம்பைச் சுருட்டி எடுத்து வைக்க வேண்டும். அறுந்த துண்டு ஏரியில் விழுந்தால் நீர்க்காகத்தின் கழுத்துக்கு அதுவே சுருக்கு. இதோடு, கரையிலிருந்து தள்ளி இரண்டு மரக்கட்டைகளைத் தண்ணீரில் நட்டு வைத்தால் இன்னும் நல்லது. காயப்போட ஒரு கொடி அவற்றுக்கும் வேண்டுமே.

பசை தடவுவது, விஷம் வைப்பது, ஏர்கன்னால் சுடுவது ஆகியவை பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வருகின்றன. ஒருகாலத்தில் காக்காவை மட்டும் 'தீங்கு விலங்கு' பட்டியலில் எலியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

கூடு என்றதும் தகைவிலானைச் சொல்லாமல் முடியாது. எல்லாவற்றிலும் சங்கடமான விருந்தாளி அதுதான். மேலே பளபளக்கும் கருநீலம், நெற்றியிலும் தொண்டையிலும் செம்மண் நிறம், உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களிலும் இலங்கையிலும் வாழும் மலைத் தகைவிலான் இது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து திரும்பும் அதன் சொந்தக்காரக் குருவியைப்போல இது நெடுந்தூரம் போகாது, இங்கேயே இருக்கும். வீட்டுத் தாழ்வாரம், கடை வாசல், பாலத்தடி என்று எங்கே கூரையும் விட்டமும் இருக்கிறதோ அங்கே ஈரமண்ணை அலகில் உருட்டி வந்து, பாதிக் கிண்ணம்போலக் கூடு ஒட்டும். ஏரிக்கரைப் படகுக் கொட்டகை அதற்கு அரண்மனை. கரையில் சேறு, தண்ணீர் மேல் பூச்சி, தலைக்கு மேல் கூரை.

கூடு கட்டும் காலம் பிப்ரவரியில் தொடங்கி, சரியாகச் சீசன் நேரத்தில் உச்சத்துக்கு வரும். கூட்டுக்கு நேர் கீழே ஒரு படகு. குஞ்சுகள் வளர வளர, பின்பக்கத்தைக் கூட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிப் போடும். நாள் முழுக்க ஒரே சீட்டின் மேல்! ஒட்டடைக் கம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் பிரச்னை தீர்ந்தது. கீழே விழுவது மண் மட்டுமல்ல, இரண்டு மூன்று உயிர். அந்தத் தாயும் தகப்பனும் ஏரி மேல் தாழப் பறந்து நாளெல்லாம் தின்பது கொசுவும் சின்னப் பூச்சியும்தான். அவற்றைத் துரத்துவதில் படகுக்காரருக்கு லாபம் ஒன்றும் இல்லை.

கம்புக்குப் பதில் ஒரு பலகை போதும். கூட்டுக்கு ஒரு முழம் கீழே, சுவரிலோ விட்டத்திலோ அகலமான பலகையைப் படுக்கையாக அடித்துவிட்டால் எச்சம் முழுவதும் அதில் விழும். ரொம்பப் பக்கத்தில் அடித்தால் காக்கா அதில் உட்கார்ந்து குஞ்சை எட்டிப் பிடிக்கும், அதனால்தான் அந்த இடைவெளி. பலகை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, வாரம் ஒருமுறை மாற்றினால் வேலை முடிந்தது. கீழே இருக்கும் படகைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க முடிந்தால் இன்னும் விசேஷம்.

கூடே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஆனால் ஜனவரியிலேயே யோசிக்க வேண்டும். முதல் மண் உருண்டை ஒட்டுவதற்கு முன்பே அந்த மூலையில் வலையடித்து மூடிவிட்டால், ஜோடி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். முட்டை வந்தபின் வலை கட்டுவது, உள்ளே குழந்தை இருக்கும்போது வெளியே பூட்டுவதைப்போல.

முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம். ஆக ஐந்து வாரம் பொறுத்தால், ஒரு காலையில் கூடு காலியாக இருக்கும். குஞ்சுகள் படகு கட்டும் கயிற்றில் வரிசையாக உட்கார்ந்து, இன்னும் ஊட்டச் சொல்லி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அப்போது பலகையைக் கழற்றிக் கழுவி, துடுப்பு அடுக்கும் இடத்தில் சாத்தி வைக்கலாம். ஆணி அங்கேயே இருக்கட்டும். பழைய கூட்டுக்கு மண் பூசி மறுபடி குடிவருவது தகைவிலானின் வழக்கம். அடுத்த பிப்ரவரியில் பலகை தேவைப்படும்.