பார்த்த வண்டியை இன்னும் எத்தனை தடவை பார்ப்பீங்க?

மாசி மாசம், பூண்டு எடுப்பு நடந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு புதுக் கார் வாங்கினேன். ஆடம்பரத்துக்கு இல்லை. எங்க மேல்மலையில ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலின்னா வாடகை ஜீப்புக்கு நாலு வீட்டுக் கதவைத் தட்டணும். போன வருஷம் அம்மாவுக்காக அப்படித்தான் தட்டினோம். அதுக்கப்புறம்தான் பூண்டுக் காசோட பேங்க் கடனையும் சேர்த்து வண்டி எடுத்தேன்.

வாங்குறது சுலபமா முடிஞ்சுது. நம்பர் வாங்குறதுதான் பெரும்பாடு.

பணமெல்லாம் கட்டினதும் ஷோரூம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, நாளைக்கு வண்டியை ஆபீஸ்ல காட்டணும். நீங்களும் வந்துருங்கண்ணே." மன்னவனூர்ப் பக்கத்துல இருந்து கொடைக்கானல் போகவே 35 கிலோமீட்டர் கிட்ட ஆகும். அங்கிருந்து மலை இறங்க இன்னும் 50க்கு மேல. விடியுறதுக்கு முன்னாடி கிளம்பிப் போய், மத்தியானம் வரைக்கும் வேப்பமரத்தடியில நின்னேன். அதிகாரி வந்தார். சேசிஸ் நம்பரைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போயிட்டார். 2 நிமிஷம்கூட ஆகலை. அந்த 2 நிமிஷத்துக்கு எனக்கு ஒரு நாள் போச்சு. ஆளுக்குக் கூலி பேசி வச்சிருந்த பூண்டு எடுப்பும் பாதியில நின்னுச்சு. நம்பர் பிளேட் வந்தப்புறம் வண்டியை எடுக்க மறுபடியும் ஒரு நாள்.

சட்டமே அப்படித்தான் போலன்னு நெனைச்சேன். படிச்சுப் பார்த்தா வயிறு எரியுது.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ல நாடாளுமன்றம் திருத்துச்சு. பிரிவு 44 என்ன சொல்லுது? மத்திய அரசு வகுக்கிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அங்கீகாரம் பெற்ற டீலர் விற்கிற வண்டியை முதல் பதிவுக்காக அதிகாரி முன்னாடி கொண்டு வரத் தேவையில்லை. பிரிவு 41 என்ன சொல்லுது? டீலர் இருக்கிற மாநிலத்துலயே பதிவு பண்ற புது வண்டிக்கு விண்ணப்பத்தை டீலரே போடணும், நம்பர் மாட்டாம வண்டியை ஒப்படைக்கக் கூடாது. பிரிவு 40ன்படி மாநிலத்துல எந்தப் பதிவு அலுவலகத்துலயும் பதிவு பண்ணலாம்.

அதே 2019லதான் எங்க மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. அது ஊர் வந்து சேர்ந்துருச்சு. டெல்லியில இருந்து கிளம்பின இந்தத் திருத்தம் மட்டும் 2025ல நான் வண்டி எடுத்தப்பகூட அந்த வேப்பமரத்தடிக்கு வந்து சேராமலே இருந்துச்சு.

"பார்க்காம எப்படிங்க பதிவு பண்றது? திருட்டு வண்டி வந்துட்டா?" என்று கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்விதான். பழைய வண்டி, வெளி மாநிலத்து வண்டின்னா தாராளமாப் பாருங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா புது வண்டிக்கு, ரோட்டுல ஓடத் தகுதியானதுன்னு தயாரிச்ச கம்பெனியே படிவம் 22 கொடுக்குது. டீலர் விற்பனைச் சான்றா படிவம் 21 கொடுக்கிறார். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கம்பெனி மூலமா ஏற்கெனவே 'வாகன்' கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கு. இத்தனைக்கும் மேல வெயில்ல நிறுத்தி எதைக் கண்டுபிடிக்கப் போறோம்?

காசுக் கணக்கையும் சொல்லிடறேன். 2023 நவம்பருக்கு முன்னாடி 10 லட்சம் வரைக்குமான காருக்கு ஆயுள் வரி 10 சதவீதம். இப்ப 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20 சதவீதம். 9 லட்சம் ரூபாய் வண்டின்னா முன்னாடி 90,000, இப்ப 1,17,000. கட்டியாச்சு. வரி கட்டுறதுல எனக்கு வருத்தம் இல்லை, ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும். காருக்கு மத்திய விதிப்படி பதிவுக் கட்டணம் 600 ரூபாய். அதையும் கட்டியாச்சு. ஆனா ஷோரூம் சீட்டுல கடைசி வரியா 'இதர ஆபீஸ் செலவு'ன்னு 6,000 ரூபாய். "எதுக்கு தம்பி இது?"ன்னு கேட்டேன். "வழக்கமா உள்ளதுதாண்ணே"ன்னு சிரிச்சான். "அப்ப ரசீது கொடு"ன்னேன். சிரிப்பு நின்னுச்சு. அரை மணி நேரம் உள்ளே போய்ப் பேசிட்டு வந்து அந்த வரியை அடிச்சுட்டான்.

வண்டியைக் காட்டித்தான் ஆகணும்கிற வழக்கம் இருந்த வரைக்கும் இந்தக் கடைசி வரியும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நம்ம மேலயும் தப்பு இருக்கு. பூண்டு மண்டியில கிலோவுக்கு 5 ரூபாய் குறைச்சா சண்டைக்குப் போறோம், இங்க 6,000 ரூபாயை வாய் திறக்காமக் கொடுத்துட்டு வர்றோம்.

அடுத்து வண்டி எடுக்கப் போறவங்க ரெண்டே ரெண்டு காரியம் செய்யுங்க. எந்தப் பணத்துக்கும் ரசீது கேளுங்க. இன்னமும் வண்டியைக் காட்டணும்னு யாராவது சொன்னா, பிரிவு 44க்கு அப்புறமும் எந்த உத்தரவுப்படி கேட்கிறீங்கன்னு எழுத்துல கேளுங்க. நான் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கப் போறேன். மேல்மலைக்காரங்க நாலு பேர் கூட வந்தா நல்லா இருக்கும். வண்டி நம்மகிட்டதான் இருக்கே, சேர்ந்தே போயிட்டு வரலாம்.