தராசும் ஒரு சமூக அறிவியல் கருவிதான்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் எத்தனை பேர்? 234. மக்களவையில்? 543. நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் எது? 1950 ஜனவரி 26. மாணவ நண்பர்களே, இவற்றுக்கெல்லாம் நீங்கள் நொடியில் விடை சொல்லிவிடுவீர்கள். இப்போது வேறு இரண்டு கேள்விகள். நீங்கள் படித்த தொடக்கப் பள்ளியில் மதிய உணவுக்காக ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி ஒதுக்கினார்கள்? அது குறைந்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? உங்களில் பலர் விழிப்பீர்கள். குற்றம் உங்களுடையது அன்று. நாம் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறை அப்படி.

மூன்றாம் வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகளுக்குச் 'சமூக அறிவியல்' என்றொரு பாடம் உண்டு. பெயரிலேயே அறிவியல் இருக்கிறது. எனவே இயற்பியல் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். அறிவியல் என்றால் என்ன? உற்றுநோக்குவது, அளப்பது, கேள்வி கேட்பது, விடையைச் சரிபார்ப்பது. இந்த நான்கும் இல்லாமல் எண்களையும் பெயர்களையும் மனப்பாடம் செய்தால் அது அறிவியல் ஆகாது. குடிமைப் பயிற்சியும் ஆகாது. பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே அளந்து பார்த்துக் குடிமையைக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

எட்டயபுரத்துச் சோறு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று பரந்து கிடக்கும் நம் கரிசல் காடு வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துவிட்டால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை, கம்பும் இல்லை. விளைச்சல் போன வருடத்தில் பல வீடுகளில் முதலில் நின்றது பிள்ளையின் படிப்புத்தான்.

இதற்கு ஒரு மருந்தாக 1956-ல் முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடங்கிய இடம், பாரதியார் பிறந்த எட்டயபுரம். அப்போது கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். ஊர்மக்களின் நன்கொடையும் அரசின் பங்கும் சேர்ந்து அடுப்பு எரிந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2001-ல் உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளைகளின் சட்ட உரிமையாக்கியது.

ஆகவே அந்தத் தட்டில் விழும் சோறு யாரும் இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அன்று. அது சட்டம். நான்காம் வகுப்புப் பிள்ளை தினமும் கையால் தொடுகிற ஒரே சட்டம் அதுதான். அதை விட்டுவிட்டு நாடாளுமன்றத்தின் படத்தைக் காட்டிப் பாடம் தொடங்குகிறோம்!

ஏட்டில் ஒன்று, நாட்டில் ஒன்று

எழுதிய சட்டத்தைப் படித்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் ஊரே சான்று. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்தத் தொழிற்சாலையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 1980-களிலும் விடியுமுன் கிராமங்களுக்கு வண்டிகள் வந்தன. சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பகுதி ஆலைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் கடுமையான தீர்ப்பு 1996-ல் வந்தது. இடையில் ஓடிய ஆண்டுகள் 46.

ஆய்வுக்கூடத்தில் கோட்பாடு ஒன்று சொல்லி, அளவீடு வேறொன்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறோம். குடிமைப் பாடத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நூறு கிராம் அரிசி

எப்படி என்று கேட்கிறீர்களா? எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். தேசிய விதிமுறைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. அன்று உண்ணும் பிள்ளைகள் 30 பேர் என்றால் அரிசி 3 கிலோ. பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். சமையலர் அரிசி அளக்கும்போது இரண்டு பேர் உடன் நிற்கட்டும்.

பிறகு தட்டில் விழும் சோற்றைத் தராசில் வைத்தால் 100 கிராம் இருக்காது. 250, 300 கிராம் இருக்கும். ஏன்? வேகும்போது அரிசி தண்ணீரைக் குடித்து, எடை ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்காகிறது. பருப்பும் காயும் கலந்த சாதமானால் இன்னும் கூடும். இதில் அறிவியல், கணக்கு, குடிமை மூன்றும் சேர்ந்து வந்துவிட்டன.

இனி பத்துத் தட்டுகளை நிறுத்துப் பார்க்கட்டும். எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் கொஞ்சம் கூடும், ஒன்றில் கொஞ்சம் குறையும். மேல்வகுப்பில் இதற்கு 'ஒழுங்கற்ற பிழை' என்று பெயர் படிப்பீர்கள். கரண்டி பிடிக்கும் எந்தக் கைக்கும் இது இயல்பு. பல நாள் சராசரி எடுத்தால் இது பெரும்பாலும் மறைந்துவிடும்; இதற்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

ஆனால் வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்கு மட்டும் தினமும் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 'முறையான பிழை'. நூறு நாள் அளந்தாலும் சராசரியில் மறையாது. தராசின் முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் எத்தனை முறை நிறுத்தும் பயனில்லை அல்லவா? அதுபோலத்தான். கருவியைத் திருத்த வேண்டும். இங்கே கருவி என்பது வரிசை. தினமும் வேறொரு பக்கத்திலிருந்து வரிசையைத் தொடங்குவோம் என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தால், அன்று அவர்கள் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

சராசரியில் மறையாத பிழை

சமூகத்தில் நாம் அநீதி என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பிழைதான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அடுத்த மாதமே எட்டயபுரம் வட்டத்து உசிலம்பட்டி கிராமத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகள் பலர் அந்த உணவை உண்ணவில்லை என்பதே அச்செய்தி. மாவட்ட ஆட்சியர் சென்று பேசினார். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார்கள்.

1956-ல் எந்த மண்ணில் பசிக்கு விடை கண்டோமோ அதே மண்ணில் இது நடந்தது. தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவைப் பிள்ளைகள் மேல்வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாவாகப் படிக்கத்தான் போகிறார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பாடத்தை ஊர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பெரியவர்கள் ஒரு நாள் வந்து உண்டது நல்ல காரியம். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தத் திண்ணையில் இருக்கப்போவது ஆசிரியரும் பிள்ளைகளும் மட்டுமே. பாடம் அங்கேதான் நடக்க வேண்டும்.

வகுப்பறையைப் பெருக்கியவர் யார், தண்ணீர் எடுத்து வந்தவர் யார், உணவு பரிமாறியவர் யார் என்று ஒரு மாதம் பட்டியல் எழுதச் செய்யலாம். சாதியைக் கேட்டு எழுதும் பட்டியல் அன்று; அது கூடவே கூடாது. பெயரும் வேலையும் போதும். சீட்டுக் குலுக்கி வேலை பிரித்திருந்தால் எல்லாப் பெயரும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். பெருக்கும் வேலையில் பெண் பிள்ளைகளின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயலா, முறையான பிழையா? பத்து வயதுப் பிள்ளையும் விடை சொல்லிவிடும்.

இரண்டு தடைகள்

'சின்னப் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று கேட்பது இந்தப் பாடம் அன்று. சமமாகப் பகிர்ந்தோமா, யார் முடிவு செய்தார்கள், முடிவை எப்படித் திருத்துவது என்பவையே இதன் கேள்விகள். கோலி விளையாட்டில் பிள்ளைகள் இதையெல்லாம் நன்றாகவே கேட்கிறார்கள்!

இரண்டாவது தடை உண்மையானது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும்போது புதுச் சுமை ஏற்றலாமா? ஏற்ற வேண்டாம். எடை அளவைக் கணக்குப் பாடத்தின் நேரத்தையே தராசுக்குத் தரலாம். பட்டியல் எழுதுவது மொழிப் பயிற்சியும் ஆகும். ஆனால் தேர்வு வினாக்கள் மாறாமல் ஆசிரியரை மட்டும் மாறச் சொல்வது நியாயமன்று. வினாத்தாளில் 'எத்தனை உறுப்பினர்?' என்பதற்குப் பக்கத்தில் 'உன் பள்ளியில் நீ அளந்தது என்ன?' என்பதும் இடம்பெற வேண்டும்.

உங்கள் பங்கு

அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976-ல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். அது 51அ பிரிவு. நல்ல குடிமகனும் நல்ல அறிவியலாளரும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே என்று சட்டமே சொல்கிறது.

உங்கள் தம்பியோ தங்கையோ ஊர்த் தொடக்கப் பள்ளியில் படிக்கலாம். ஒரு சனிக்கிழமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மளிகைக் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, இந்தச் சோதனையைச் செய்யத் திட்டமிடுங்கள். சமையலரிடம் முதலில் பேசுங்கள். இது அவரை வேவு பார்க்கும் வேலை அன்று, அவருக்கும் துணை நிற்கும் வேலை. அரிசியே குறைவாக வந்தால் அதைச் சொல்ல அவருக்கும் ஒரு சான்று வேண்டும் அல்லவா? கிடைத்த எண்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உங்கள் அம்மாவே உறுப்பினராக இருக்கக்கூடும். அங்கே தீராவிட்டால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். வாக்களிக்க உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை. அளந்த எண்ணைத் தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுத்தனுப்ப எந்த வயதும் தடையில்லை.