பூசுவது தோலில், ஏறுவது குருதியில்!

மாத்தளை மலைத் தோட்டங்களிலும் வயல்வெளிகளிலும் வெயிலில் உழைத்துக் கறுத்த மேனி குற்றமா? குற்றமென்கிறான் வணிகன், நம்பி வாங்குகிறோம் நாம்! முகம் வெளுக்கவும் படை மறையவும் மருத்துவர் சீட்டின்றி வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஒளிந்திருப்பது ஸ்டெரொயிட் என்னும் கடு மருந்து.

தோலிற் பூசியது தோலோடு நின்றுவிடும் என்றெண்ணுவது பேதைமை. அது குருதியிற் கலக்கும். ஈரலைச் சர்க்கரை பெருக்கத் தூண்டும். இன்சுலினின் வேலையைத் தடுக்கும். குளோபெற்றசோல் என்னும் வலிய களிம்பு, நாளொன்றுக்கு 2 கிராம் அளவிலேயே உடலின் இயற்கைச் சுரப்பை ஒடுக்க வல்லது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மிகாமல், இரு வாரங்களுக்கு மேற்படாமல் என்பதே அதற்குரிய வரம்பு. ஆண்டுக்கணக்கிற் பூசுவோர் கதி யாது?

சோற்றைக் குறைத்தும் சர்க்கரை இறங்கவில்லையே எனப் புலம்புவோர் மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டுவர், களிம்பைக் காட்டார். கற்றறிந்த மருத்துவரே, நீராவது கேட்டீரா?

இந்தியா 2018இல் 14 ஸ்டெரொயிட் களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாதெனக் கட்டளையிட்டது. இங்கும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையைத் தந்தது. சட்டம் ஏட்டில் உறங்குவதற்கன்று! கடைகளைச் சோதியுங்கள், எச்சரிக்கையைத் தமிழிலும் பொறியுங்கள்!

உழவர் பெருமக்களே! நெடுநாள் பூசியோர் திடீரென நிறுத்துவதும் தீது. டப்பியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். உழைத்துக் கறுத்த மேனி நமக்கு இழிவன்று. அதை இழிவென்று சொல்லிக் காசு பறிப்பதே இழிவு!