தெருவில் கோஷம்! கடையில் அநீதி!



ஃபலஸ்தீன மக்களுக்காக நம் ஊர்களில் ஒன்றில் ஆர்ப்பாட்டம். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நடந்தது. பஜாரில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் அரை நாள் கடையை அடைத்தார். தன்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் அத்தனை பேரையும் அழைத்து வந்து முன்வரிசையில் நிறுத்தினார். மைக்கைப் பிடித்திருந்தவன் நான். "வியாபாரத்தை விடச் சமுதாயம் பெரிது என்று காட்டிய வியாபாரி இதோ!" என்று அவரைப் புகழ்ந்தேன். தக்பீர் முழங்கியது.

அடுத்த மாதம் அந்தக் கடைப் பையன் ஒருவன் பள்ளிவாசல் வாசலில் என்னை மறித்தான். "ஹஜ்ரத், அன்னைக்கு ஆர்ப்பாட்டத்துக்கு வந்த அரை நாளுக்கு எங்க எல்லாருக்கும் சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. ஃபலஸ்தீனுக்காக என் காசு போனது பரவாயில்லை. மேடையில நீங்க பேர் சொன்னீங்களே, அவருக்கு என்ன போச்சு?"

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "வேலை செய்யாத நேரத்துக்கு யார் ஹஜ்ரத் சம்பளம் கொடுப்பா?" என்று சிரித்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தியாகம் செய்தவன் அந்தப் பையன். பாராட்டு வாங்கியவர் முதலாளி. பாராட்டியவன் நான்! இந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உலகில் எங்கோ ஒடுக்கப்படும் மக்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டுமா? கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து தொடங்க வேண்டும்? இதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. அதுவும் ஒரு கடையின் கல்லாவிலிருந்தே வைத்திருக்கிறது.

இரண்டு பழங்களும் ஒரு பெண்ணும்

அயர்லாந்து நாட்டின் தலைநகர் டப்ளின். 1984 ஜூலை 19. ஹென்றி தெருவில் 'டன்ஸ் ஸ்டோர்ஸ்' என்ற பெரிய கடை. கல்லாவில் பில் போட உட்கார்ந்திருந்தவர் மேரி மேனிங். வயது 21. ஒரு வாடிக்கையாளர் இரண்டு பழங்களைக் கொண்டு வந்து வைத்தார். நம் பம்பளிமாஸ் போன்ற பழம். விளைந்தது தென்னாப்பிரிக்காவில். கறுப்பின மக்களை அவர்கள் பிறந்த மண்ணிலேயே அடிமைகளாக வைத்திருந்த நிறவெறி அரசு அன்று அங்கே ஆண்டு கொண்டிருந்தது. அந்நாட்டுப் பொருளைக் கையால் தொடுவதில்லை என்று கடை ஊழியர்களின் தொழிற்சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. அந்தப் பெண், "மன்னிக்கவும், இதற்கு நான் பில் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உடனே வேலையிலிருந்து இடைநீக்கம்!

அவரோடு சேர்ந்து சுமார் பத்துப் பேர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். தென்னாப்பிரிக்காவைப் பற்றி அவர்களுக்கு அப்போது அதிகம் தெரியாது. நிம்ரோட் செஜாக்கே என்ற கறுப்பினத் தொழிற்சங்கவாதி நாடு கடந்து வந்து அங்கே வாழ்ந்தார். கடை வாசலில் அவர்களோடு நின்றவரும், அங்கே நடக்கும் கொடுமைகளை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஒரு வாரம் தாங்குவார்கள் என்று நினைத்தார்கள். இரண்டே முக்கால் ஆண்டுகள் நின்றார்கள்! மழையிலும் பனியிலும் நின்றார்கள். சங்கம் கொடுத்த வாரம் 21 பவுண்டில் வயிற்றைக் கழுவினார்கள். 1985ல் நேரில் பார்த்து வரத் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலேயே தடுத்து வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பில் போடும் சில பெண்களைப் பார்த்து ஒரு வல்லரசின் கூட்டாளி பயந்தது!

முடிவு என்ன? 1987ல் தென்னாப்பிரிக்கப் பழங்களும் காய்கறிகளும் நாட்டுக்குள் வர அயர்லாந்து அரசே தடை போட்டது. 1990ல் சிறையிலிருந்து விடுதலையான நெல்சன் மண்டேலா, அதே ஆண்டு டப்ளினுக்கு வந்தபோது அவர்களைச் சந்தித்தார். சிறையில் இருந்த தனக்கு அவர்களின் போராட்டம் தெம்பு தந்ததாகச் சொன்னார்.

இவர்கள் மட்டுமல்ல. அதே 1984 நவம்பரில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள், ஒரு கப்பலில் வந்த தென்னாப்பிரிக்கச் சரக்கை 11 நாட்கள் இறக்க மறுத்தார்கள். 

சகோதரர்களே! இங்கே கவனியுங்கள். இவர்கள் மறுத்தது தங்கள் வேலை நடக்கும் இடத்தில். டப்ளின் ஊழியர்கள் இழந்தது தங்கள் சொந்தச் சம்பளத்தை. நாம் ஒரு குளிர்பானத்தை விட்டுவிட்டு இன்னொரு குளிர்பானம் குடிக்கிறோம். அதற்குப் 'புறக்கணிப்பு' என்று பெயர் சூட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறோம். புறக்கணிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது நம்மிடம் எதையாவது கேட்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

'அரபு'களும் 'கூலி'களும்

"அது வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன?" என்று ஒதுங்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் நம் கதையும் இருக்கிறது. அதில் பெருமையும் உண்டு, தலைகுனிவும் உண்டு.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. மதராஸிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் அதில் போனார்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களுக்குப் பின்னால் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வியாபாரிகள் போனார்கள். பெரும்பாலோர் குஜராத் பக்கத்து முஸ்லிம்கள்.

அந்த வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களை 'அரபு'கள் என்று சொல்லிக்கொண்டார்கள்! தோட்டக் கூலிகளோடு தங்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பதற்காக! 1894ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதன் ஆண்டுச் சந்தா 3 பவுண்டு. முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங் வாங்கும் தோட்டத் தொழிலாளி ஆறு மாதம் சாப்பிடாமல் இருந்தால்தான் அந்தச் சந்தாவைக் கட்ட முடியும். அது யாருடைய சங்கம் என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் இந்த வித்தியாசத்தை மதித்தானா? இல்லவே இல்லை! அவன் கண்ணுக்கு ஜிப்பா போட்டவனும் கூலிதான், கோவணம் கட்டியவனும் கூலிதான். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி ஊர் திரும்பாமல் அங்கேயே வாழ்ந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி என்று 1895ல் சட்டம் வந்தது. வியாபாரிகளுக்கு அது சுடவில்லை. 1913 மார்ச்சில், ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்பட நீதிபதி ஸெர்ல் தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் எல்லோர் வீட்டுக் கூரையிலும் தீப் பிடித்தது.

அந்தத் தீயை அணைத்தவர்கள் யார்? 'கூலி'கள்தான்! 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களிடம் போய்ப் பேசி வெளியே அழைத்தவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. சுமார் 20,000 பேர்! சவுக்கடி விழுந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். 16 வயது. அதே 1914ல் வந்த சட்டம் 3 பவுண்டு வரியை ஒழித்தது, நம் திருமணங்களையும் அங்கீகரித்தது. யாரை வியாபாரி ஒதுக்கி வைத்தாரோ, அந்தத் தொழிலாளியின் ரத்தத்தில்தான் வியாபாரியின் நிக்காஹ் செல்லுபடியானது!

எல்லா வியாபாரிகளும் அப்படி இருந்துவிடவில்லை. அஹ்மத் முஹம்மத் கச்சாலியா என்ற துணி வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ட்ரான்ஸ்வால் இந்தியர் சங்கத்தின் தலைவராகப் போராட்டத்தில் முன்னே நின்றார். அவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்திருந்த வெள்ளைக்கார மொத்த வியாபாரிகள், "போராட்டத்தை விடு, இல்லையேல் பாக்கி முழுவதையும் உடனே கட்டு" என்று கழுத்தில் கத்தி வைத்தார்கள். வியாபாரம் செய்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கச்சாலியா என்ன செய்தார்? கடையையும் சரக்கையும் கடன்காரர்களிடம் ஒப்படைத்தார். கடன் முழுவதும் அடைந்தது. கடை போனது. போராட்டத்தை விடவில்லை. சிறைக்கும் போனார். "வியாபாரம் மந்தம், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆலிம்களே, உங்களுக்கும்!

அந்தக் கச்சாலியாவின் மகன் மௌலவி இஸ்மாயீல் கச்சாலியா. தேவ்பந்த் தாருல் உலூமில் ஓதியவர். 1952 ஜூன் 26 அன்று தென்னாப்பிரிக்காவில் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தார்கள். அதன் தொண்டர் படைத் தலைவர் மண்டேலா. துணைத் தலைவர் யார்? நம் மௌலவி கச்சாலியா!

கேப் டவுன் நகரத்தில் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன். க்ளேர்மாண்ட் பள்ளிவாசலின் இமாம். பிழைப்புக்கு மிட்டாய் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. அந்த வேலையைச் சாக்காக வைத்துக் கறுப்பினத்தவரின் குடியிருப்புகளுக்குள் போய், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவி சேர்த்தார். 1969 மே 28 அன்று கைது. 123 நாட்கள் சிறை. செப்டம்பர் 27 அன்று மையித்தாக வந்தார். "படிக்கட்டில் விழுந்தார்" என்றது போலீஸ். 54 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில்தான், போலீஸ் சித்திரவதையால் இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் சிறையில் கிடந்தபோது அங்கே ஆலிம்களில் பலர் வாய் திறக்கவில்லை. அவர்களின் பெயர்கள் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

கேள்விகளும் பதில்களும்

"மாற்று மதத்தவரோடு சேர்ந்து போராடலாமா?" என்று சிலர் கிதாபைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மதரஸாவில் சீரா ஓதியவர்கள் ஹில்ஃபுல் ஃபுளூலை மறந்துவிட்டார்களா? யமன் பக்கத்திலிருந்து வந்த ஓர் அந்நிய வியாபாரியின் சரக்கை வாங்கிக்கொண்டு, மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் பணம் தர மறுத்தார். மக்காவாசியோ வெளியூராரோ, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று குறைஷிகள் சிலர் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். நபித்துவத்துக்கு முன்பு நடந்தது அது. அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அதற்கு அழைக்கப்பட்டால் போவேன் என்ற கருத்தில் கூறினார்கள். கொடுபடாத ஒரு பாக்கிக்காகக் கூடிய கூட்டம் அது! சம்பள பாக்கியும் பாக்கிதானே?

"சங்கம் வந்தால் கடை நாறிப்போகும், சிவப்புக் கொடி ஏறும்" என்கிறார்கள். அப்படியானால் பஜாரில் உங்களுக்கு எதற்கு வியாபாரிகள் சங்கம்? நாலு பேர் சேர்ந்து அதிகாரியைப் பார்த்தால்தான் காரியம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரிகிறது. அதே நாலு பேர் சேர்ந்து உங்களைப் பார்க்க வந்தால் மட்டும் அது ஃபித்னாவா?

"எங்கள் பையன்களை எங்கள் பிள்ளைகள் மாதிரிதான் நடத்துகிறோம்" என்பார்கள். உங்கள் பிள்ளை பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறானா? விற்பனை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டமே திருத்தப்பட்டது. நாற்காலி போடக்கூடச் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால் அது யாருக்கு அவமானம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை வளைகுடாவில் முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட கதை இல்லாத ஊர் நமக்கு உண்டா? அந்தத் தாய்மார்கள் அழுத அழுகையை நாம் கேட்கவில்லையா? இன்று நம் கடைகளிலும் பிரியாணிக் கூடங்களிலும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலருடைய ஆதார் அட்டை எங்கே இருக்கிறது? முதலாளியின் மேஜை டிராயரில்! "டேய் வடக்கா!" என்பதே அவர்களின் பெயர். அவர்களில் நம் கலிமாவைச் சொல்பவர்களும் உண்டு. சொல்லாதவர்களுக்கும் மரியாதை உண்டு. 'அரபு' என்று சொல்லிக்கொண்டு 'கூலி'யிடமிருந்து ஒதுங்கிய அந்த நேட்டால் கடைக்காரர் எங்கும் போகவில்லை. நம் பஜாரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்ன செய்ய வேண்டும்?

வியாபாரப் பெருமக்களே! சம்பளத் தேதியை எழுதி ஒட்டுங்கள், அந்தத் தேதியில் கொடுங்கள். வியர்வை உலரும் முன் கூலி என்பதை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டியது போதும். வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுங்கள். அது சட்டம். உட்கார நாற்காலி போடுங்கள். டிராயரில் இருக்கும் அடுத்தவன் அட்டையை இன்றே திருப்பிக் கொடுங்கள். சமுதாயத்துக்காகக் கடையை அடைத்தால் அந்த நஷ்டம் உங்களுடையதாக இருக்கட்டும். பையனுடையதாக இருக்க வேண்டாம்.

இளைஞர்களே! போஸ்டர் ஒட்டும் கைகளே! நீங்கள் ஒட்டும் சுவருக்குப் பின்னால் இருக்கும் கடைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்பவனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவனுக்குச் சம்பள பாக்கி இருந்தால் நாலு பேராக, மரியாதையாக, முதலாளியைப் போய்ப் பாருங்கள். அவர் நம் இயக்கத்துக்கு நன்கொடை தருபவராக இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்!

நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி எந்த மேடையிலும் ஒரு வியாபாரியைப் பாராட்டும் முன், அவர் கடைப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாராட்டுவேன்.

அந்த அரை நாள் சம்பளம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று முறை போய்ப் பேசினேன். இன்னும் கொடுக்கவில்லை. நான்காவது முறை தனியாகப் போகப் போவதில்லை. உங்களில் யார் யார் வருகிறீர்கள்?