எல்லா இடுப்பு மூட்டு விலகலுக்கும் ஒரே குறியீடா? எங்கள் நிலைப்பாடு

நெய்க்காரப்பட்டி

இடுப்பு மூட்டு விலகல் என்று கேஸ் ஷீட்டில் எது வந்தாலும் எஸ் 73.0 போட்டு அனுப்புங்கள், மருத்துவரிடம் விளக்கம் கேட்டு க்ளெய்மைத் தாமதப்படுத்தாதீர்கள் என்ற வாய்மொழி உத்தரவு, நோய்க் குறியீடு இடும் கோடர்களான எங்கள் உறுப்பினர்களுக்கு வந்திருக்கிறது. செயற்குழு பெரும்பான்மையாக ஏற்ற நிலைப்பாடு கீழே.

1. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலில் எஸ் 73.0 அடிபட்டதால் விலகிய மூட்டுக்கு உரியது. அடிக்கடி நழுவும் மூட்டுக்கு எம் 24.4, பொருத்திய செயற்கை மூட்டு நழுவினால் டி 84.0. இதில் குழுவில் மாற்றுக் கருத்து இல்லை.

2. பிறவி விலகலுக்குக் கியூ 65 இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கைக்குழந்தைக்கு எஸ் போடுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க இயலாது. எஸ் என்பது காயங்களின் அத்தியாயம். அந்த ஒரு எழுத்து, பிள்ளையைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று பெற்றவள் மீது எழுதும் பழி. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைகளைத் தேடும் பட்டியலில் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறையையும் வைத்திருக்கிறது. காயக் கணக்கில் போன குழந்தை அந்தத் திட்டத்தின் கணக்கில் வராது. ஆறு மாதத்துக்குள் கண்டால் பெரும்பாலும் வார்ப்பட்டையிலேயே சரியாகும். நடக்கத் தொடங்கிய பின் கண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். கணக்கில் வராத குழந்தைகளுக்கு யார் மருத்துவரை அனுப்புவார்கள்? இதைச் சிறு பிழை என்பவர்கள் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

3. உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் எஸ் 73.0, வலதா இடதா என்று சொல்லாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பக்கத்தை எழுதுவது விரும்பத்தக்கது. சாலை விபத்து வழக்குகளில் இது கட்டாயம் என்று சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள்.

4. மருத்துவர்களின் வேலைப்பளுவை உணர்கிறோம்.

ஆயினும் மேலே சொன்னவற்றால், விலகலின் காரணம் எழுதப்படாத கேஸ் ஷீட்டை உறுப்பினர்கள் இயன்றவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்வி கேட்ட கோடரிடம் விளக்கக் கடிதம் வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும். நோயாளியைப் பார்க்காத நாங்கள் ஊகித்து எழுதினால் அதற்குப் பெயர் கோடிங் அல்ல, பொய்க் கணக்கு. அதில் எங்கள் உறுப்பினர் எவரும் கையெழுத்திட மாட்டார்.

செயற்குழு