வருஷக் கடைசியில் ஒரு சைக்கிள்

டிசம்பர் மூணாவது வாரம் ஆச்சுன்னா எங்க விடுதி சமையலறையில ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வரும். "லீவுக்கு எங்க போற?" ஒருத்தன் பராகுவே வரைக்கும் போறான், ஒருத்தி வியன்னா. நம்ம திருச்சிக்காரன் ப்ராகுக்கு மலிவா டிக்கெட் புடிச்சிட்டான், பஸ்ஸில் பதிமூணு மணி நேரம். "நீ எங்கடா மாப்ள?"ன்னான். "ரேனன்"னேன். "அது எந்த நாடு?" "இங்கதான், எட்டு கிலோமீட்டர். சைக்கிள்ல போய்ட்டு வருவேன்." அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "சைக்கிள் மிதிக்கவாடா பிளேன் ஏறி நெதர்லாந்து வந்த? அதை புதுக்கோட்டையிலேயே மிதிச்சிருக்கலாமே"ன்னுட்டுப் போயிட்டான்.

அவன் விளையாட்டாத்தான் சொன்னான். ஆனா அந்தக் கடைசி வரி மட்டும் ரெண்டு நாள் உள்ளே கிடந்து உருண்டுகிட்டே இருந்துச்சு. அதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல நம்ம கட்சியைச் சொல்லிடுறேன். வருஷக் கடைசியில, குளிர்ல, எந்த அவசரமும் இல்லாம, எங்கயும் போய்ச் சேரணும்னு இல்லாம கிராமத்துப் பக்கம் சைக்கிள்ல சுத்துறதை விட ஒரு நல்ல லீவு கிடையாது. கையில காசில்லாதவன் பேசுற பேச்சுன்னு நீங்க சொல்லலாம். பாதி உண்மைதான் :-)

நான் இருக்கிறது வாகனிங்கன். ரைன் நதியோட ஒரு கிளை, நேடர்ரைன்னு பேரு, ஊருக்குத் தெற்கே ஓடுது. ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல அணைக்கரை. க்ரெப்பெடைக்னு சொல்லுவாங்க. நம்ம ஊர் கண்மாய்க் கரை இருக்கில்ல, அதை இன்னும் உயரமா, அகலமா, புல் போர்த்தி, மேல தார் போட்டு அஞ்சரை கிலோமீட்டர் நீட்டினா எப்படியோ அப்படி. கண்மாய்க் கரைன்னு லேசாச் சொல்லிட்டேன். இந்தக் கரை 1855 மார்ச்சுல உடைஞ்சு வெள்ளம் உள்ளே பூந்து வேனந்தால் வரைக்கும் போயிருக்கு. கரைக்கு இந்தப் பக்கம் நிலம் தாழ்வு. கரை இருக்கிறதாலதான் ஊர் இருக்கு. அதோட முதுகுல ஏறித்தான் நாம சைக்கிள் விடுறோம்.

கரை மேற்கால போய் க்ரெப்பெபெர்க் அடிவாரத்துல முடியும். 'பெர்க்'னா மலை. உயரம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? சுமார் ஐம்பது மீட்டர்! நார்த்தாமலை பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒரு மேடு. ஆனா ஊர்க்காரங்க பெருமையாத்தான் சொல்லிக்குவாங்க. பனி யுகத்துல பனிப்பாறை தள்ளிக் குவிச்ச மண்ணுதான் இந்த மலை. மேல ஒரு ராணுவக் கல்லறை இருக்கு. 1940 மே மாசம் ஜெர்மன் படை உள்ளே வந்தப்போ மூணு நாள் இங்க சண்டை, நானூறுக்கும் மேல டச்சு வீரர்கள் செத்திருக்காங்க. மூச்சு வாங்க ஏறி வந்து அங்க நிக்கும்போது கால்வலியைப் பத்திப் பேச மனசு வராது. தாண்டி இறங்கினா ரேனன்.

வெயில் அடிக்கிற நாள்ல ரேனன் பாலம் ஏறி அந்தக் கரைக்குப் போய், ஒபூஸ்டன் நாற்றங்கால்களைப் பார்த்துக்கிட்டே (சாலையோர மரக் கன்னு வளர்க்கிறதுல பேர்போன ஊர்) வந்து, படகுல சைக்கிளோட ஏறி இந்தப் பக்கம் இறங்கலாம். ஒரு சுத்து. ஆனா நான் சொல்ல வந்தது 2024 டிசம்பர் 28, சனிக்கிழமை. அன்னைக்கு ஒரே மூட்டம். ஆறும் தெரியலை, அக்கரையும் தெரியலை. அதனால போய்த் திரும்புறதோட சரின்னு கிளம்பினேன்.

கிளம்புறது பத்தி ரெண்டு வார்த்தை. புதுசா வர்ற பிள்ளைங்க கேக்குறாங்க, குளிர்ல எப்படின்னு. உடம்பு பத்து நிமிஷத்துல சூடாயிடும், அதுக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டா வேர்த்து நாறும். பிரச்னை விரலும் காதும்தான். நல்ல கையுறைக்குக் கணக்குப் பார்க்காதீங்க. விளக்கு ரெண்டும் எரியணும், இல்லாட்டி போலீஸ் நிறுத்தி அபராதம் போடும். அதை விட முக்கியம், இருட்டு நாலரைக்கே வந்துடும். காத்து அடிக்கிற நாளா இருந்தா போகும்போது எதிர்காத்துல போங்க, வரும்போது அதுவே தள்ளிக்கிட்டு வந்து விட்டுடும். இதை மாத்திச் செஞ்சு ஒரு தடவை அழாத குறையா வீடு வந்து சேர்ந்திருக்கேன்.

வழி தெரியாதேன்னு பயப்படவே வேணாம். ஒவ்வொரு சந்திலயும் ஒரு கம்பத்துல நம்பர் இருக்கும். போகவேண்டிய நம்பர்களை வரிசையா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு, அம்புக்குறியைப் பார்த்துப் போய்க்கிட்டே இருந்தா போதும். இதை யோசிச்சது பெல்ஜியம் லிம்பர்க்ல ஹ்யூகோ போலன்னு ஒரு சுரங்க இன்ஜினியர். சுரங்கத்துக்குள்ள பாதை பிரியிற இடத்துக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருப்பாங்களாம். சுரங்கத்தை மூடினதும் அதே யோசனையை மேல, வெயில் படுற பூமிக்குக் கொண்டு வந்திருக்கார். 1990கள்ல ஆரம்பிச்சது இன்னைக்கு நெதர்லாந்து முழுக்க இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

சரி, அன்னைக்குக் கரை மேல போறேன். மணி பன்னெண்டு தாண்டியும் விடியாத மாதிரி வெளிச்சம். முன்னால முப்பது அடி தெரியுது, அவ்வளவுதான். கீழே ஆத்துப் படுகையில வாத்துக் கூட்டம். ஆர்க்டிக்ல இருந்து குளிர்காலத்துக்கு இங்க வர்ற காட்டு வாத்துங்க, நம்ம வேடந்தாங்கல் கணக்கா. ஒண்ணுகூட கண்ணுல படலை. சத்தம் மட்டும் சந்தைக்கடை மாதிரி. மெதுவாத்தான் மிதிக்கிறேன், பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் வேகம் இருந்தாலே அதிகம். கோடை காலமா இருந்தா இதே கரையில இப்படிப் போக முடியாது. பின்னால மோட்டார் பைக் உறுமும், இறுக்கமா உடுத்தின பந்தய சைக்கிள்காரங்க கும்பலா வந்து ஒதுங்கச் சொல்லிக் கத்துவாங்க. இப்பல்லாம் மிதிக்கிறதையே கடிகாரத்துல ஏத்தி, யாரு எத்தனை நிமிஷம்னு பட்டியல் போட்டு, சும்மா சுத்துறதையும் பரீட்சை ஆக்கிட்டாங்க. குளிர்ல அவங்க தொல்லை குறைவு. டிசம்பர் கடைசியில அணைக்கரை நிதானமாப் போறவங்களுக்குச் சொந்தம்.

அந்த நிதானக்காரங்க யாருன்னு பார்த்தா பூரா கிழடுங்க. மூட்டத்துக்குள்ள இருந்து ஒரு சின்ன விளக்கு வரும், கிட்ட வந்தா எழுபது எண்பது வயசு ஜோடி, பக்கத்துல பக்கத்துல ஓட்டிக்கிட்டு, பேசிக்கிட்டு. ஒரு தலையாட்டல், 'ஹாய்', அவ்வளவுதான். மறுபடி மூட்டம்.

ரேனன்ல வருஷக் கடைசிக்குன்னே வண்டிக்கடை போட்டு ஒலிபொல்லன் சுட்டுத் தருவாங்க. நம்ம சீனிப் போண்டாவுல திராட்சை போட்டு, மேல சர்க்கரைப் பொடியைக் கொட்டினா அதுதான். சுடச்சுட ரெண்டு வாங்கிக்கிட்டு, மூட்டத்துல பாதி மறைஞ்சு நின்ன குனேரா கோயில் கோபுரத்துக்குக் கீழ உக்காந்து அம்மாவுக்கு வீடியோ போட்டேன். எனக்கு ரெண்டு மணி, அங்க ஆறரை. அம்மா அப்பத்தான் விளக்கேத்தி முடிச்சிருந்தாங்க.

"என்ன தம்பி, மூஞ்சி பூரா மாவு?"

போனைத் திருப்பி ஊரைக் காட்டினேன். அப்ப பார்த்து ஒரு பாட்டி சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்து, பையில வாங்கின சாமானை வச்சு, ஏறி மிதிச்சுப் போயிட்டாங்க. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

"அந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபத்தஞ்சு இருக்கும்மா."

"இம்புட்டு வயசுலயும் பயமில்லாம போகுது பாரேன்" அப்படின்னாங்க. குரல்ல ஒரு மாதிரி.

இங்கதான் ஒண்ணு சொல்லணும், சொல்லாம தாண்டிப் போக முடியாது. எங்கம்மா 1992ல சைக்கிள் கத்துக்கிட்டவங்க. அப்ப வயசு இருபத்திரெண்டு. புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்த காலம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறதோட பொம்பளைங்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. சாய்நாத் அதைப் பத்தி எழுதித்தான் வெளியுலகத்துக்கே தெரிஞ்சது. அம்மா அறிவொளித் தொண்டர். லேடீஸ் சைக்கிள் எங்க கிடைக்கும், கம்பி வச்ச ஆம்பளை சைக்கிள்லதான் பழகினாங்க. ஊரே சிரிச்சுச்சாம். அப்புறம் அங்கன்வாடி வேலை, அதே மாதிரி ஒரு சைக்கிள்லயே ரெண்டு கிராமம். முன் கம்பியில துண்டைச் சுத்தி என்னை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு முதல்ல ஞாபகம் இருக்கிற வாசனையே செயின் கிரீஸ்தான்.

பத்தாவது படிக்கும்போது, 2014ல, டவுன்ல ஒரு பள்ளிக்கூடம். பெற்றோர் கூட்டம்னா வாசல்ல காரும் பைக்குமா நிக்கும். முந்தின நாள் ராத்திரி நான் அம்மாகிட்ட சொன்னேன்: "சைக்கிள்ல வராதம்மா. வந்தாலும் முக்குக் கடையிலயே விட்டுட்டு நடந்து வா."

அம்மா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் பஸ்ல வந்தாங்க. ரெண்டு மாசத்துல தவணையில ஒரு ஸ்கூட்டி வந்துச்சு. சைக்கிளைப் பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போனான். ஊரே சிரிச்சப்போ விடாம ஓட்டினவங்க, நான் ஒரு வார்த்தை சொன்னதும் விட்டுட்டாங்க. இதை நான் திருச்சிக்காரன்கிட்ட சொல்லலை. "புதுக்கோட்டையிலேயே மிதிச்சிருக்கலாமே"ங்கறதுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான். அங்க நான் மிதிக்கலை. மிதிச்சவங்களையும் இறக்கி விட்டேன்.

சைக்கிள்னா இல்லாதவன் வண்டிங்கற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்துச்சு? அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்குது, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க, அது பெரிய விஷயம், மறுக்கலை. ஆனா படிப்பு முடிஞ்சு சம்பளம் வந்ததும் முதல் வேலை சைக்கிளை ஓரம் கட்டுறதுதான். பாதிக்குப் பாதி கௌரவம். மீதி ரோடு. எங்க ஊர்ப் பக்கம் நாலு வழிச் சாலை வந்தப்புறம் அம்மா இப்ப ஆசைப்பட்டாலும் ஓட்ட முடியாது. ஓரத்துல வெள்ளைக் கோடு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் ஜல்லியும் முள்ளும், இந்தப் பக்கம் லாரி.

உடனே "வெள்ளைக்காரன் ஒழுக்கம் அப்படி"ன்னு ஆரம்பிக்காதீங்க. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. இவங்களும் ஐம்பது அறுபதுகள்ல நம்மள மாதிரியேதான் கார் வாங்கி, சைக்கிளை ஒதுக்கி, ரோட்டை அகலப்படுத்தினவங்க. 1971ல மட்டும் சாலை விபத்துல மூவாயிரத்துக்கும் மேல செத்தாங்க, அதுல நானூறுக்கும் மேல குழந்தைங்க. பெத்தவங்க தெருவுக்கு வந்தாங்க. அவங்க இயக்கத்துக்கு வச்ச பேர் 'குழந்தைக் கொலையை நிறுத்து'. நாசூக்கெல்லாம் பார்க்கலை. 1973ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக்கூடாதுன்னதும், காலி ரோட்டைப் பார்த்து ஊரே யோசிச்சுச்சு. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இந்தச் சிவப்புத் தார்ப்பாதையெல்லாம். சண்டை போட்டு வாங்கின பாதை. அதுலதான் அந்தப் பாட்டி பயமில்லாம போனாங்க. நானும் போண்டா தின்னுட்டுத் தத்துவம் பேசுறேன்.

அம்மா வீடியோவுல இன்னும் இருந்தாங்க.

"தம்பி, உனக்குப் பட்டம் குடுக்கறப்போ என்னைக் கூப்பிடுவேல்ல?"

"கண்டிப்பாம்மா."

"அங்க வாடகைக்கு சைக்கிள் கிடைக்குமா?"

நான் போண்டாவை முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம தலையை மட்டும் ஆட்டினேன். "குளிரும்மா"ன்னேன் கடைசியில.

"குளிர்னா என்ன, உன் கையுறையக் குடு. ஆனா லேடீஸ் சைக்கிள் வேணாம். கம்பி வச்சதா பாரு. எனக்கு அதுதான் பழக்கம்."

திரும்பி வரும்போது மலை ஏறி இறங்கி, கரைக்கு வந்தப்ப மணி நாலு. விளக்கைப் போட்டுக்கிட்டு வந்தேன். வாத்துங்க அடங்கியிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியே பழைய சைக்கிள் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். இந்த ஊர் ஆளுங்க பனைமரம் உயரம், ஆம்பளை சைக்கிள் பூரா அறுபது செ.மீ. சட்டம். அம்மா அஞ்சடி. கால் எட்டாது. ஐம்பதுக்குள்ள கம்பி வச்சது எங்கயாச்சும் இருந்தா சொல்லுங்க. கை பிரேக்கா இருக்கணும். பின்னால மிதிச்சா நிக்கிற டச்சு பிரேக் அம்மாவுக்குப் பழக்கமில்லை. எண்பது யூரோவுக்குள்ள.