எவ்வகைக் கார் வாங்குவது?

பொருளாதாரத் தடையின் நாளில் பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நாம். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் காத்து நின்றதும் மறக்கற்பாலதன்று. 2025 பெப்ருவரியில் தனியார் கார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபின், பெற்றோலா, ஹைபிரிட்டா, மின்சாரமா என்னும் வினா நாயாற்றிலும் எழுகின்றது.

ஹைபிரிட் தன் சிக்கனத்தை நன்கு காட்டுவது கொழும்பு நெரிசலில். நின்று நின்று செல்லுகையில் பிறேக் பிடிக்கும் விசையை அது மின்னாக மீட்டுக்கொள்ளும். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் மாடுகளன்றி மறிப்பார் யார்? கூடுதல் விலை இங்கு எளிதில் மீளாது.

நாயாற்றிலிருந்து நாள்தோறும் முல்லைத்தீவு சென்று மீளும் ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் மின்காரே ஏற்றது. கூரையிற் சூரியத்தகடு உடைய விவசாயி பகலில் மின்னேற்றுவாராயின், எண்ணெய்க் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை. ஆயினும் 2025 பெப்ருவரி 9இல் தீவு முழுவதும் இருண்டதை நினைவிற் கொள்க. சேமிப்பு மின்கலம் இல்லையேல் அத்தகடுகளும் பெரும்பாலும் உடன் அணைந்துவிடும். அடிக்கடி 300 கிலோமீற்றருக்கு மேல் கடந்து கொழும்பு செல்வோர் இன்னும் பெற்றோலையே நம்ப நேரும்.

இறக்குமதி வரியைக் கொழும்பாரும் வன்னியாரும் ஒரே விகிதத்திற் செலுத்துகின்றனர். அவ்வரிப்பணத்தில் வன்னி வீதிகளெங்கும் விரைவு மின்னேற்று நிலையங்களை அரசினர் நிறுவுதல் வேண்டும்.